நீர்மூழ்கியில் வேறு யார் இருந்தார்கள்?

எங்கள் வீட்டில் நேதாஜி கடலுக்கு அடியில் வந்தவர்.

"வெள்ளைக்காரன் மேல கப்பல வச்சித் தேடிக்கிட்டு இருந்தான். இவரு கீழயே வந்துட்டாருடா. மூணு மாசம்."

பாட்டி இதைச் சொல்லும்போது உள்ளங்கையைக் கவிழ்த்துத் தரையோடு தரையாக நகர்த்திக் காட்டுவார். அவருக்கு இதைச் சொன்னது அவருடைய அப்பா. நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் காலம். பாட்டிக்கு அப்போது ஏழு வயது. பால்மரம் சீவுகிற வேலை நின்றுபோய், லயத்துச் சனம் முழுக்க மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த நாட்கள். கொள்ளுத்தாத்தா சிரம்பானுக்கு நடந்தே போய்க் கூட்டத்தில் நின்றுவிட்டு வந்ததும், கொள்ளுப்பாட்டி காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்ததும் கதையின் அடுத்தடுத்த பகுதிகள். சின்ன வயதில் எனக்குத் தோடு முக்கியமாகப் படவில்லை. நீர்மூழ்கியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வேன்.

இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றிய விமர்சனம். பாட்டி சொன்ன கதையை எல்லாம் விமர்சிப்பாயா என்று கேட்கலாம். மலேசியத் தமிழில் போர்க்காலத்தைப் பேசும் நாவல்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களோ, அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்களோ எழுதியவை. லயத்துத் திண்ணையில் எதைச் சொன்னோம், எதை விட்டோம் என்பது நாவலிலும் தெரியும். அதனால் திண்ணையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவன். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர்களையும் அழுத்தக் கலன்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு இரும்புக் கூட்டுக்குள் எவ்வளவு அழுத்தம் தாங்கும், எந்த வெல்டு முதலில் விடும் என்பதுதான் என் அன்றாடக் கவலை. அந்தப் பழக்கத்தோடு பாட்டியின் கதைக்குள் போனபோது முதலில் இடறியது 'மூன்று மாதம் கடலுக்கு அடியில்' என்பதுதான்.

அந்தக் காலத்து நீர்மூழ்கியால் அது முடியாது. அது டீசல் என்ஜினில் ஓடுவது. டீசல் எரியக் காற்று வேண்டும், காற்றுக்கு மேலே வர வேண்டும். மூழ்கும்போது பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் மறுபடி மேலே வந்து சார்ஜ் ஏற்ற வேண்டும். ஆகவே அது பெரும்பாலான நேரம் மேற்பரப்பில்தான் போகும், ஆபத்து வந்தால் மட்டும் மூழ்கும். 1943 பிப்ரவரி 9ஆம் தேதி ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யூ-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் கிளம்பினார்கள். அட்லாண்டிக்கில் இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே வந்தார்கள். அங்கே ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி காத்திருந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி அது கிளம்பியது நம் பினாங்கிலிருந்து.

இரண்டு படகுகளும் சந்தித்தபோது கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அடங்கும்வரை காத்திருந்து, ஏப்ரல் 28ஆம் தேதி ஒரு ரப்பர் படகில் இருவரும் இந்தப் பக்கம் வந்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் போனார்கள். அவர்களில் ஒருவர் தொமொனாகா ஹிதேயோ, நீர்மூழ்கி வடிவமைப்பில் பேர் வாங்கிய எஞ்சினியர். இரண்டு வருடம் கழித்து ஜெர்மனி சரணடைந்தபோது, நாடு திரும்பும் வழியில் இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கிக்குள்ளேயே தற்கொலை செய்துகொண்டார்.

ஆக, இந்தப் பயணத்தின் மிகத் துணிச்சலான கணம் கடலுக்கு மேலே நடந்தது. பட்டப்பகலில், அலை மேல், ஒரு ரப்பர் படகில். தோட்டத்துக் கதை அதை விட்டுவிட்டு கடலுக்கு அடியைப் பிடித்துக்கொண்டது. அது ஏன் என்று எனக்குப் புரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் வருவது சாமியின் குணம். ரப்பர் படகில் நனைந்துகொண்டு வருவது மனுசனின் குணம். துரை, கிராணி, தண்டல் என்று மேலே மேலே அடுக்கிய ஆட்களுக்குக் கீழே வாழ்ந்த சனம், எல்லோருக்கும் கீழே மறைந்து வந்து மேலே எழுந்த ஒருவரைத் தேர்ந்துகொண்டது. கதையாக அது அருமையான தேர்வு. அதில் எனக்குக் குறை இல்லை.

என் குறை வேறு. அந்தக் கதையில் நீர்மூழ்கிக்குள் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.

ஒரு புகைப்படம் இருக்கிறது, பலரும் பார்த்திருப்பீர்கள். ஐ-29க்கு மாறிய பிறகு மாலுமிகளோடு எடுத்தது. நேதாஜி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் பின்னாலும் ஜப்பானியர்கள். பலருக்கு என் வயதுகூட இருக்காது. ஐ-29 நூற்று எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். எங்கள் பழைய லயம் இரண்டை முனையோடு முனை சேர்த்தால் ஏறக்குறைய வரும். அதற்குள் சுமார் நூறு பேர். சமையல், தூக்கம், வியர்வை, டீசல் நாற்றம் எல்லாம் ஒரே குழாய்க்குள். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவர்களில் ஒருவர் தவறான வால்வைத் திறந்திருந்தால் நம் சரித்திரத்தில் ஒரு பக்கம் இல்லை.

இவர்கள் யார், இந்தப் படகு இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடப் போனேன். அங்கேதான் திலாவா வந்தது.

எஸ்.எஸ். திலாவா பயணிகள் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது. நம் முன்னோர்களில் பலரை நாகப்பட்டினத்திலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் பினாங்குக்குக் கொண்டுவந்த ரஜூலாவும் அதே கம்பெனிக் கப்பல்தான். திலாவா போனது எதிர்த் திசையில். 1942 நவம்பர் 20ஆம் தேதி பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் டர்பனுக்கும் கிளம்பியது. அதில் 958 பேர். மாலுமிகளும் சில துப்பாக்கி வீரர்களும் போக மீதி எல்லாம் பயணிகள், பெரும்பாலும் இந்தியர்கள். வியாபாரிகள், குடும்பங்கள், குழந்தைகள். 23ஆம் தேதி அதிகாலையில் முதல் டார்பிடோ அடித்தது. சனம் உயிர்காப்புப் படகுகளில் இறங்கியது. கப்பல் உடனே மூழ்கவில்லை. பிழைத்துவிடும்போல என்று சிலர் திரும்ப ஏறப் போனார்கள். அப்போது இரண்டாவது டார்பிடோ. இரண்டு நாள் கழித்து எச்.எம்.எஸ். பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பல் வந்தது. தப்பியவர்கள் மொத்தம் 678 பேர். செத்தவர்கள் 280 பேர்.

அந்த டார்பிடோக்களைச் சுட்டது ஐ-29. கேப்டன் இஸு ஜூயிச்சி. ஐந்து மாதம் கழித்து ரப்பர் படகிலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டதும் அதே படகு, அதே கேப்டன்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குற்றம் சாட்டுவது என் நோக்கம் இல்லை. போரில் யார் கொடுத்த வாகனத்தில் ஏறுவது என்பது கை சுத்தமாக இருக்கிறவர்களுக்குக் கிடைக்கும் தேர்வு இல்லை. ஜெர்மன் படகில் வரும்போதே, ஏப்ரல் 18ஆம் தேதி யூ-180 கோர்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. நேதாஜி உள்ளே இருந்தார். போர் என்றால் அதுதான். ஆனால் திலாவா எனக்கு வேறு மாதிரி உறைத்தது. மேல்தளத்தில் பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருந்த சனம், ரஜூலாவில் வந்த என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட உறவுபோல இருந்தது.

இனி என் கதை. ஒரு ஜனவரி 23ஆம் தேதி, நேதாஜி பிறந்த நாளுக்கு ஊரில் ஒரு சின்ன நிகழ்ச்சி. தோட்டம் போய்விட்டது. செம்பனை கொஞ்சம், வீடமைப்புப் பகுதி மீதி. கோயில் மண்டபம் மட்டும் இருக்கிறது. "தம்பி எஞ்சினியரு, நல்லா பேசுவான்" என்று என்னைப் பேசச் சொன்னார்கள். ஆறு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். நான்காவது பக்கம் திலாவா. மேடையில் ஏறியபோது முன்வரிசையில் இருந்த பெரியவர்களைப் பார்த்தேன். ஒருவர் தன் அப்பாவின் இந்தியத் தேசிய ராணுவப் படத்தை மடியில் வைத்திருந்தார். மூன்றாவது பக்கத்திலிருந்து நேராக ஐந்தாவதுக்குப் போய்விட்டேன். கைத்தட்டல் நன்றாகவே கிடைத்தது. மாமா ஒருவர் தோளில் தட்டி, "இதுதாண்டா பேச்சு" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாக்கெட்டில் அந்த நான்காம் பக்கம் உறுத்திக்கொண்டே வந்தது.

நான் செய்ததைத்தான் நம் இலக்கியமும் செய்திருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகு வந்தது.

நம் போர்க்கால எழுத்தில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ரயில் பாதை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்றவை. தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றப்பட்டு, காட்டில் காலராவிலும் பசியிலும் அழிந்த சனத்தின் கதை. இன்னொன்று ராணுவப் பாதை. ரெங்கசாமியின் 'இமயத் தியாகம்' அதில் முக்கியமானது. ஒரே எழுத்தாளர் இரண்டு பாதைக்கும் தனித்தனி நாவல் எழுதியிருக்கிறார். அவர் உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர் எழுதியிருக்காவிட்டால் என் தலைமுறைக்கு இந்தக் காலம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரிதான். ஆனால் அந்தப் பிரிவே என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு நாவலில் ஜப்பான்காரன் சவுக்கு வைத்திருப்பவன், இன்னொன்றில் கைகொடுத்தவன். வாசகர்களாகிய நாமும் இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்துக்கொண்டோம். ஒன்றை அழுவதற்கு, மற்றதை நிமிர்வதற்கு.

நடந்தபோது அலமாரி ஒன்றுதான். சயாம்-பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. இடையில் நான்கே நாள். ஒரே லயத்தில் ஒரு வீட்டில் மகனை சயாமுக்குப் பறிகொடுத்திருப்பார்கள், பக்கத்து வீட்டில் மகள் ராணுவத்தில் சேர்ந்திருப்பாள். சில வீடுகளில் இரண்டும் நடந்திருக்கும். கொள்ளுத்தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. கொள்ளுப்பாட்டி தோட்டைக் கழற்றிக் கொடுத்தது அதற்குப் பிறகு. அந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் எப்படி வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய நாவல். அந்த நாவலுக்குள் போக ஐ-29 நல்ல கதவு என்று நினைக்கிறேன். இந்தியர்களைக் கொன்றதும் இந்தியர்களின் தலைவரைச் சுமந்ததும் அந்த ஒரே இரும்புக் கூடு.

வாகனத்தை எப்படி எழுதுவது என்பதற்கு நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குப் போகும் தொங்கான் வெறும் வாகனமாக இல்லை. மரம் முனகுவதும் தண்ணீர் ஏறுவதும்தான் அந்தப் பகுதியின் கதை. நாயகன் பாண்டியன் அந்த நேரத்தில் புயலில் மாட்டிய பலரில் ஒருவன், அவ்வளவுதான். சிங்காரம் வீரத்தையும் சந்தேகத்தையும் ஒரே ஆளுக்குள் வைத்தார். ஜப்பானியர் மெடானில் வெட்டி வைத்த தலைகளைக் காட்டிய அதே நாவல்தான் இந்தியத் தேசிய ராணுவத்தின் முகாமுக்குள்ளும் நம்மைக் கூட்டிப்போகிறது. அவர் எதையும் தாண்டிப் போகவில்லை.

மாறாக, நீர்மூழ்கி என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் வருவது 2017இல் வந்த 'காஸி' படம். எஞ்சினியராக நான் அதை ரசித்தேன். ஆழமானி இறங்க இறங்க இரும்பு நெரிபடும் சத்தத்தில் கை வியர்த்தது. ஆனால் 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தானின் காஸியில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். படத்தில் அவர்கள் எதிரிக் கேப்டன் ஒருவரின் முறைப்பாகச் சுருங்கிவிடுகிறார்கள். நம் படகில் எல்லோருக்கும் முகம் உண்டு, அவர்கள் படகு குறி பார்க்க மட்டும். பாட்டியின் கதையில் நீர்மூழ்கி சாமிக்குத் தேர். இந்தப் படத்தில் அது ஆயுதம். இரண்டிலும் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

தலைவர் ஏறாத நீர்மூழ்கிக்கு நம்மிடம் கதையே இல்லை. 1944 நவம்பர் 22ஆம் தேதி, எச்.எம்.எஸ். ஸ்டிராட்டஜெம் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி மலாக்காவுக்கு வெளியே ஜப்பானியக் குண்டுகளால் மூழ்கியது. திருகோணமலையிலிருந்து வந்தது. கடலடியில் கிடந்த அதன் முன்னறையிலிருந்து பத்துப் பேர் வெளியேறினார்கள். எட்டுப் பேரை ஜப்பானியர் பிடித்தார்கள். போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மூன்று பேர். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளிக்கப் போகும் போர்ட்டிக்சன் கடலும் அந்தக் கடலும் ஒன்றுதான். சின்ன வயதில் அங்கே நின்று நான் நேதாஜியைத்தான் கற்பனை செய்தேன்.

ஐ-29 என்ன ஆனது? நேதாஜியை 1943 மே மாதத்தில் சுமத்ராவின் வடமுனையில் உள்ள சபாங்கில் இறக்கிவிட்டது. அவர் விமானத்தில் தோக்கியோ போய், ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். படகு வேறு கேப்டனோடு, ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சின் லோரியான் துறைமுகம்வரை போனது. ஜெட் விமான வரைபடங்களோடும் கருவிகளோடும் திரும்பி 1944 ஜூலை 14ஆம் தேதி சிங்கப்பூரைத் தொட்டது. அதன் போக்கு பற்றிய செய்திகளை அமெரிக்கர்கள் ஏற்கெனவே உடைத்துப் படித்திருந்தார்கள். ஜூலை 26ஆம் தேதி பிலிப்பைன்ஸுக்கு வடக்கே, ஜப்பானை நோக்கி மேற்பரப்பில் போய்க்கொண்டிருந்தபோது, காத்திருந்த யு.எஸ்.எஸ். சாஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் மூன்று டார்பிடோக்கள் அடித்தன. நீந்திக் கரையேறியது ஒரே ஒருவர். அதே ஜூலையில்தான் இம்பாலிலிருந்து நம் ஆட்கள் மழையிலும் சேற்றிலும் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் விட்ட நான்காம் பக்கத்தைக் கடைசியில் பாட்டியிடம்தான் வாசித்தேன். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "கப்பல்ல போனதும் நம்மள மாதிரி பொழைக்கப் போன சனமா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"மனுநீதிச் சோழன் கதையில தேர் ஏறி கன்னுக்குட்டி செத்துப்போச்சு. பசு போயி மணிய இழுத்துச்சு. இந்தச் சனத்துக்கு யாருடா போயி மணிய இழுத்தா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திலாவாவில் தென்னாப்பிரிக்காவின் நாணயச் சாலைக்குப் போன 2,364 வெள்ளிக் கட்டிகள் இருந்தன. 2017இல் ஒரு கம்பெனி அவற்றைக் கடலடியிலிருந்து எடுத்தது. தென்னாப்பிரிக்கா உரிமை கேட்டது, வழக்கு பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம்வரை போய் 2024இல் தீர்ப்பு வந்தது.

"வெள்ளிக்கா?" என்றார்.

பாட்டி நேதாஜியை வெறுக்கவில்லை. வெறுக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் காலண்டர் படம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் கதை சொல்லும்போது இப்போதெல்லாம் கையைத் தரையோடு நகர்த்துவதற்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துகிறார். அந்த ஒரு நொடியை எழுத நம்மில் யாராவது முயல வேண்டும். படித்தவர்கள் குறுக்கே வந்தால் தோட்டத்துக் கதை செத்துவிடும் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னைவிட அது உறுதியானதாக இருக்கிறது.

போன மாதம் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நேதாஜியை உடனே கண்டுபிடித்துவிட்டார். பிறகு விரல் மற்றவர்கள்மேல் ஒவ்வொருவராகப் போனது.

"இந்தப் பையனுங்கல்லாம்?"

"செத்துட்டாங்க பாட்டி. இந்தக் கப்பல் முழுகுனப்ப ஒருத்தன்தான் தப்பிச்சான்."

"எவன்?"

அதை என்னால் காட்ட முடியவில்லை. ஃபிரேம் போட்டு மாட்டச் சொன்னார். சிரம்பானில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சுத்தி இருக்கறவங்கள வெட்டிட்டு நேதாஜிய மட்டும் பெருசா எடுத்துரலாமா தம்பி? நல்லா இருக்கும்" என்றார்.

வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றேன்.